நாங்கள் கண்டுபிடித்த பழுது

சுவீடன்காரருடன் எப்படிப் பேச வேண்டும் என்று பிரவீனன் வகுப்பு எடுத்த அன்று, சந்திரவதனா மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்துவிட்டுத்தான் அந்த அறைக்குப் போனாள். கனடாவின் மிசிசாகாவில் அவள் வேலை செய்த தொழிற்சாலையை ஒரு சுவீடன் கம்பனி வாங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில்களை ஏற்றி இறக்கும் மோட்டார்கள் அங்கே செய்யப்பட்டன. பெட்டியில் போடுமுன் அவற்றில் பாரம் ஏற்றிச் சோதித்துப் பார்ப்பது சந்திரவதனாவின் வேலை. பதினேழு வருடமாக அதே மேசை. பிரவீனன் அவளுடைய சுப்பவைசர். முப்பத்தைந்து வயதுதான் இருக்கும், ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவன். ஆட்கள் இல்லாதபோது அவளை 'அன்ரி' என்பான், ஆட்கள் இருந்தால் 'சாண்ட்ரா' என்பான்.

தலைமைக் காரியாலயத்திலிருந்து அடுத்த கிழமை மூன்று பேர் வருகிறார்கள் என்று அவன் தொடங்கினான். சேர், மேடம் எதுவும் வேண்டாம், பெயரைச் சொல்லியே கூப்பிடலாம். ஒரு நிமிடமும் பிந்தக் கூடாது. பேசி முடித்த பிறகு அவர்கள் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார்கள், அதற்குள் புகுந்து கதைக்கக் கூடாது. சாப்பாடு வேண்டாம் என்றால் வேண்டாம்தான், இரண்டாம் தரம் கேட்டால் அவர்களுக்குச் சங்கடம். சின்ன விசயத்துக்கும் நன்றி சொல்ல வேண்டும். இப்படி அடுக்கிக்கொண்டு போனவன் கடைசியில் குரலைத் தாழ்த்தினான். சுவீடனில் எவரும் தன்னைப் பற்றித் தானே பெருமை பேச மாட்டார்கள், 'நான் செய்தேன்', 'நான் கண்டுபிடித்தேன்' என்று யாராவது சொன்னால் அந்த ஆளை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், ஆகையால் எல்லாரும் 'நாங்கள்' என்றே சொல்லுங்கள் என்றான். அதைச் சொல்லும்போது அறையில் இருந்த இருபத்திரண்டு பேரில் அவளை மட்டும்தான் பார்த்தான்.

ஏன் பார்த்தான் என்று அவளுக்குத் தெரியும். தை மாதத் தொடக்கத்தில், புதிதாக வந்த மோட்டார்களில் ஏதோ சரியில்லை என்று அவள் காதுக்குப் பட்டது. சோதனையில் எல்லாம் தேறின. ஆனால் முக்கால் மணி நேரம் ஓடிச் சூடானதும் சில மோட்டார்களிலிருந்து ஒரு மெல்லிய சத்தம் வந்தது. சத்தம் வந்தவற்றில் பாரத்தை அப்படியே விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்து வந்து பார்த்தால் பாரம் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. யாரும் பொத்தானை அழுத்தவில்லை, தானாகவே இறங்கியிருந்தது. போன வருடம் அவளுடைய கணவர் ஸ்ரீஸ்கந்தராசா இடுப்பெலும்பு முறிந்து பதினொரு நாள் இப்படியான கட்டில் ஒன்றில்தான் கிடந்தார். அவரை ஏற்றி இறக்கிய பொத்தானை அவளே எத்தனையோ தரம் அழுத்தியிருக்கிறாள். அந்தக் கட்டிலுக்குக் கீழே அவள் கால் எத்தனை தரம் இருந்திருக்கும்!

ஏழு கிழமை, தன் இடைவேளைகளில், ஒவ்வொரு மோட்டாரின் இலக்கத்தையும் நேரத்தையும் சூட்டையும் இறங்கிய அளவையும் ஒரு கொப்பியில் எழுதினாள். பிரவீனனுக்கு மூன்று தரம் ஈமெயில் போட்டாள். மூன்றுக்கும் ஒரே மாதிரிப் பதில்தான் வந்தது: கவனத்துக்குக் கொண்டுவந்ததற்கு நன்றி, பிறகு பார்ப்போம். பதிலின் முடிவில் ஒரு சிரிக்கிற முகம். பங்குனியில் வேறொரு நாட்டிலிருந்து அதே குறை பற்றி ஒரு முறைப்பாடு சுவீடனுக்குப் போனது, தலைமைக் காரியாலயம் எல்லாத் தொழிற்சாலைகளையும் விசாரித்தது. அன்று பிரவீனன் ஓடிவந்து, "அன்ரி, அந்த நோட்புக் எங்க?" என்றான். கடைசியில் ஒருவன் கேட்டானே என்ற சந்தோசத்தில் அவளும் எடுத்துக் கொடுத்தாள். கொப்பி அதற்குப் பிறகு திரும்பி வரவில்லை.

வகுப்பு முடிந்து மேசைக்கு வந்த பிறகும் பாதியில் மூடிய சாப்பாட்டை அவள் திறக்கவில்லை. கோபத்தில்தான். கனடாவுக்கு வந்த புதிதில், வேலை தேடுகிறவர்களுக்கான ஒரு பயிற்சிக்கு அவளை அனுப்பியிருந்தார்கள். அங்கே படிப்பித்த வெள்ளைக்காரப் பெண் அவளை எழும்பி நிற்க வைத்து, 'நாங்கள்' என்று சொல்லாதே, 'நான்' என்று சொல், நாங்கள் என்றால் உன்னை யார் வேலைக்கு எடுப்பார்கள் என்று இருபது பேர் முன்னிலையில் திருத்தினாள். அவளோ தனக்கென்று உள்ள எதையும் 'எங்கட' என்றே சொல்லிப் பழகியவள். எங்கட அம்மா, எங்கட வீடு, எங்கட பள்ளிக்கூடம். 'என்ர' என்று சொன்னால் நாக்குக் கூசும். அந்தக் கூச்சத்தை விழுங்கி, குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, நான் கவனமாக வேலை செய்வேன், நான் பொறுப்பானவள் என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லிப் பழகினாள். வெட்கம்கெட்ட வேலையாகத்தான் இருந்தது. அப்படிப் பழகிய நாக்கை இப்போது திரும்பவும் மடக்கு என்கிறார்கள். அதையும் யார் சொல்வது? அவளுடைய கொப்பியை வைத்திருக்கிறவன்.

பக்கத்து மேசை ஜோசப்பினிடம் இதைச் சொன்னாள். ஜோசப்பின் மன்னார்க்காரி, பத்து வருடமாக அவளோடு சேர்ந்து சாப்பிடுகிறவள். பெடியன் உங்கள் பெயரைச் சொல்லாமலா விடப்போகிறான், பொறுத்துப் பாருங்கள் என்று அவள் சமாதானம் சொன்னாள். சந்திரவதனா பொறுத்தாள்.

வந்த மூவரில் பெரியவர் ஒரு பெண். கூனில்லா என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டுத் தமிழ் ஆட்கள் எல்லாரும் வாய்க்குள் சிரித்தார்கள். பெயருக்கு ஏற்ற மாதிரியே ஆளும் அறுபது வயதிலும் நிமிர்ந்த முதுகோடு இருந்தார். கதவைத் திறந்து விட்டவனுக்கு நன்றி, கோப்பி ஊற்றியவளுக்கு நன்றி, கதிரையை நகர்த்தியவனுக்கு நன்றி என்று போகிற வழியெல்லாம் நன்றி சொன்னார். ஆமோதிக்க வேண்டிய இடத்தில் 'ஆம்' என்று சொல்லாமல், திடுக்கிட்டவர் போல மூச்சை உள்ளே இழுத்தார். சந்திரவதனா அன்று விடியவே எழும்பி மீன் ரோல்ஸ் செய்து கொண்டு போயிருந்தாள். ஒன்றை எடுக்கச் சொன்னபோது கூனில்லா 'வேண்டாம், நன்றி' என்றார். வந்த விருந்தாளியிடம் ஒரு தரம் மட்டும் கேட்டுவிட்டு விடுவது மரியாதையா என்ன? ஆனால் வகுப்பில் சொன்னது ஞாபகம் வர, பெட்டியை மூடினாள். மூடியது அவளுக்கே அற்பத்தனமாகப் பட்டது.

மீற்றிங் பத்து மணிக்குத் தொடங்கியது. சோதனை மேசைக்காரர்கள் சுவரோரம் இருந்தார்கள். பிரவீனன் திரைக்கு முன்னால் நின்று, ஆங்கிலத்தில், பணிவான குரலில் பேசினான். நாங்கள் ஜனவரியில் ஒரு மாற்றத்தைக் கவனித்தோம். நாங்கள் தரவுகளைச் சேகரித்தோம். நாங்கள் ஏழு கிழமை கண்காணித்தோம். இது எங்கள் எல்லாருடைய உழைப்பு, இதில் எனக்கென்று தனிப் பெருமை எதுவும் இல்லை என்றும் சொன்னான். கூனில்லா மூச்சை உள்ளே இழுத்தார். தனக்குப் பெருமை வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே அவன் எல்லாப் பெருமையையும் எடுத்துக்கொள்வதைச் சந்திரவதனா பார்த்துக்கொண்டிருந்தாள். நேராக வந்து 'நான்தான்' என்று பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திராது. எல்லாருடையது என்றால் எவருடையதும் இல்லை. எவருடையதும் இல்லாததைத் திரைக்கு முன்னால் நிற்பவன் தன் பொக்கற்றுக்குள் போட்டுக்கொள்ளலாம்.

பிறகு அவளுடைய கொப்பியின் ஒரு பக்கத்தைப் படமாகத் திரையில் போட்டான். இலக்கங்களுக்குப் பக்கத்தில் சில இடங்களில் அவள் தமிழில் குறிப்பு எழுதியிருந்தாள். கூனில்லா கண்ணாடியை மூக்கில் இறக்கி அதைக் கூர்ந்து பார்த்தார். அந்த எழுத்து என்ன மொழி என்று கேட்டார். தமிழ் என்றான் பிரவீனன், எங்களில் பலருடைய மொழி என்றான். அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்டார்.

பிரவீனனுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. திரையைப் பார்த்தான். அது ஒரு பொதுவான குறிப்பு என்றான். கூனில்லா பதில் சொல்லவில்லை, காத்திருந்தார். அவர்களுடைய அந்த மௌனத்துக்குள் புகக் கூடாது என்று அவனே சொல்லியிருந்தான். இப்போது அந்த மௌனம் அவன் முகத்திலேயே நீண்டுகொண்டு போனது.

சந்திரவதனா எழும்பினாள். "முனகுகிறது என்று எழுதியிருக்கிறது" என்றாள் ஆங்கிலத்தில். "நோயாளி முனகுவது போல. அந்தச் சத்தம் வந்த மோட்டார்கள்தான் பிறகு இறங்கின."

"இதை எழுதியது யார்?"

"நான்" என்றாள். சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்திருக்கலாம். ஆனால் இத்தனை நாளாக அடக்கி வைத்தது அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கவில்லை. "கண்டுபிடித்ததும் நான். மூன்று தரம் ஈமெயிலில் அறிவித்ததும் நான். முதலாவது ஜனவரி இருபத்தாறு."

ஜோசப்பின் தன் செருப்பைப் பார்த்தாள். கூனில்லா, சொன்னதற்கு நன்றி, இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார், அடுத்த படத்துக்குப் போகச் சொன்னார். அவ்வளவுதான். சந்திரவதனா திரும்பக் கதிரையில் இருந்தாள். பிறகு பார்ப்போம் என்று பிரவீனன் எழுதிய அதே வசனம். சிரிக்கிற முகம் மட்டும்தான் இல்லை.

கலைந்து வெளியே வந்ததும் பிரவீனன் அவளைப் படிக்கட்டு ஓரம் மறித்தான். "என்ன அன்ரி இப்பிடிச் செய்திட்டீங்கள்? ஐ ரோல்ட் யூ, அவையளுக்கு உது பிடிக்காது. என்னை மட்டுமில்லை, முழு ரீமையும் பேட்டாக் காட்டிட்டீங்கள்."

"ரீம் எண்டா அந்த மூண்டு ஈமெயிலையும் ரீமே வாசிச்சது?" என்று கேட்டுவிட்டு அவள் படியிறங்கிப் போனாள். அவன் பின்னால் வரவில்லை.

ஜோசப்பினும் அன்று அவள் பக்கம் நிற்கவில்லை. நியாயம் உங்களிடம்தான், ஆனால் வந்த ஆட்களுக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டாம், தனியாகச் சொல்லியிருக்கலாம் என்றாள். தனியாகச் சொன்னதெல்லாம் எங்கே போனது என்று சந்திரவதனா கேட்டாள். அன்றிலிருந்து இருவரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

மூன்று மணிக் கோப்பி நேரத்துக்குக் கூனில்லா தனியாக அவள் மேசைக்கு வந்தார், கையில் அந்தக் கொப்பி. பக்கத்தில் இருக்கலாமா என்று கேட்டுக் கதிரையில் இருந்தார். முனகுகிற மோட்டார் ஒன்றைக் கேட்கலாமா என்றார். சந்திரவதனா எடுத்து வைத்திருந்த ஒன்றைப் பாரத்தோடு ஓட விட்டாள். சூடாகும்வரை முக்கால் மணி நேரம் இருவரும் காத்திருந்தார்கள், அந்த மனுசி ஊர்ப்புதினம் எதுவும் கேட்காமல் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். பெட்டியில் ஒரேயொரு ரோல்ஸ் மிஞ்சியிருந்தது. காலையில் வேண்டாம் என்றாலும் பிறகு மூவரும் ஆளுக்கொன்று எடுத்திருந்தார்கள். கடைசி ஒன்றை மட்டும் ஒருவரும் தொடவில்லை. கூனில்லா அதைக் கத்தியால் பாதியாக வெட்டி ஒரு பாதியை எடுத்தார். சற்று நேரத்தால் மற்ற சுவீடன்காரர் ஒருவர் வந்து, மிஞ்சிய பாதியைத் திரும்பப் பாதியாக்கிக்கொண்டு போனார். எடுப்பதற்கும் இப்படிப் பயப்படுவார்களா என்று சந்திரவதனா நினைத்தாள்.

சத்தம் வந்தபோது கூனில்லா குனிந்து காதை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். நிமிர்ந்து, கொப்பியை அவளிடம் நீட்டி, "இது மோசமான வேலை அல்ல" என்றார்.

ஏழு கிழமை! மோசமில்லையாம். சந்திரவதனாவால் பொறுக்க முடியவில்லை. உங்கள் நாட்டில் வேலை செய்தவள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா, அதுதான் உங்கள் மரியாதையா என்று நேரே கேட்டுவிட்டாள்.

கூனில்லா கோப்பிக் கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "என்னைக் கெட்டிக்காரி என்று நான் சொல்லிக்கொண்டால் என் அக்காவே என்னோடு ஒரு கிழமை கதைக்க மாட்டாள்" என்றார். "அது கோப்பி குடிக்கிற இடத்தில். ஆனால் எங்கள் வரைபடங்களின் மூலையில் ஒரு பெட்டி இருக்கும். வரைந்தவர் பெயர், சரிபார்த்தவர் பெயர், திகதி. அதில் 'நாங்கள்' என்று எழுத விடமாட்டார்கள்."

அவளுடைய முழுப் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டு, எழுத்து எழுத்தாகக் குறித்துக்கொண்டார். மூன்று ஈமெயில்களையும் அனுப்பி வைக்கச் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு எழும்பினார். அடுத்த நாள் காலை விமான நிலையத்துக்குப் போகுமுன் திரும்ப வந்து, நேற்றையதற்கு நன்றி என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டுப் போனார்.

வைகாசி நடுவில் அறிக்கை வந்தது. இரண்டாம் பக்கத்தில், பழுதை முதலில் கண்டறிந்தவர் சோதனைப் பகுதியைச் சேர்ந்த சந்திரவதனா ஸ்ரீஸ்கந்தராசா என்று எழுத்துப் பிழையில்லாமல் இருந்தது. அவள் அந்த வரியை மூன்று தரம் வாசித்தாள். மூன்று ஈமெயில்களைப் பற்றி எங்கே என்று தேடினாள். கடைசிப் பக்கத்தில் ஒரேயொரு வசனம்: உள்ளே வரும் அறிவித்தல்களைக் கையாளும் முறையை ஒருவேளை சற்றுக் கவனித்துப் பார்க்கலாம்.

ஒருவேளை. சற்று. பார்க்கலாம். அன்று நெடுஞ்சாலை 401இல் அஜின்கோர்ட் வீடு வரும்வரை அவள் ஸ்ரீஸ்கந்தராசாவோடு போனில் கத்திக்கொண்டே வந்தாள். கட்டில் இறங்கி யாருடைய காலாவது நசிந்திருந்தால் அதையும் ஒருவேளை சற்றுப் பார்ப்பார்களாமா? பிழையைப் பிழை என்று சொல்லக்கூட இவர்களுக்கு வாய் கூசுமா? அவர் 'ஓம், ஓம்' என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் அந்த வசனம் அவள் நினைத்த மாதிரி மெத்தென்ற வசனமாக இருக்கவில்லை. திங்கட்கிழமை அந்த மோட்டார் செய்கிற பகுதியை முழுதாக நிறுத்தினார்கள். கார்த்திகையிலிருந்து வெளியே போன எல்லாம் திருப்பி எடுக்கப்பட்டன. அடுத்த கிழமை பிரவீனனைச் சோதனைப் பகுதியிலிருந்து எடுத்து, உதிரிப்பாகங்களுக்கு ஓடர் கொடுக்கிற பகுதியில் போட்டார்கள். அவையின்ர வாயிலை 'ஒருவேளை' எண்டு வந்தாலே ஆள் துலைஞ்சான் போல என்று ஜோசப்பின் சொன்னாள். அன்றுதான் அவர்கள் இருவரும் திரும்ப ஒன்றாகச் சாப்பிட்டார்கள். இனி வரும் மோட்டார்களை எப்படிச் சோதிப்பது என்ற அறிவுறுத்தலை எழுதும் பொறுப்பு சந்திரவதனாவுக்கு வந்தது.

பிரவீனன் அவளை நடைபாதையில் கண்டால் போனைப் பார்த்துக்கொண்டு போனான். அவன் வேலை மாறியதில் அவளுக்குப் பெரிய ஆறுதல் வரவில்லை. அவன் வாயால் கேட்க வேண்டியது ஒன்று இன்னும் வரவேண்டியிருந்தது.

ஆனி மாதம் அவனுடைய மகளின் முதலாவது பிறந்தநாள். ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில், ஞாயிறு மத்தியானம். அழைப்பு மாசி மாதமே வந்துவிட்டது. றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் கிழமைக்குக் கிழமை சந்திக்கிற குடும்பம், போகாமல் விட்டால் நன்றாக இராது என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. போனார்கள். குழந்தை வெள்ளைச் சட்டையோடு நல்ல வடிவாக இருந்தது. சந்திரவதனா அதன் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சினாள். குழந்தையோடு அவளுக்கு என்ன கோபம்?

சாப்பாட்டு மேசைக்குப் பிரவீனனின் தாய் இராஜேஸ்வரி வந்தார். பட்டுச்சேலை, முகம் நிறைந்த சிரிப்பு. மேசையில் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். "தங்கச்சி, நீரும் அங்கைதானே வேலை, உமக்குத் தெரிஞ்சிருக்கும்" என்று சந்திரவதனாவின் தோளில் கை வைத்தபடி அவர் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். "எங்கட பிரவீன் ஒரு பெரிய பழுது கண்டுபிடிச்சவன். அதுக்காகச் சுவீடனிலை இருந்தே ஆக்கள் வந்தவை. அவன் தன்ர வாயாலை சொல்லமாட்டான், அப்பிடி ஒரு அடக்கம்."

மேசை முழுக்கத் தலையாட்டியது. சந்திரவதனா கரண்டியை வைத்தாள். ஸ்ரீஸ்கந்தராசா மேசைக்குக் கீழே அவள் முழங்காலில் கை வைத்து அழுத்தினார். அவர்களுடைய பிறந்தநாள், அவர்களுடைய சோறு, தாய் மனம். விட்டுவிடலாம்தான். இத்தனை காலமும் இப்படித்தான் ஒவ்வொன்றையும் விட்டுவந்தாள்.

"இல்லை அக்கா" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அதைக் கண்டுபிடிச்சது நான். ரிப்போர்ட்டிலை என்ர பேர்தான் இருக்கு. பிரவீனைக் கேட்டுப் பாருங்கோ."

இராஜேஸ்வரியின் கை தோளிலிருந்து எழும்பியது. அடுத்த மேசையருகே குழந்தையோடு நின்ற மகனைத் திரும்பிப் பார்த்தார். அவன் எல்லாவற்றையும் கேட்டிருந்தான். குழந்தை அவன் கொலரைப் பிடித்து இழுத்தது, அதை விடுவிக்கப் போனவன் நடுவில் நிறுத்தினான்.

"ஓம் அம்மா" என்றான். "அன்ரிதான் கண்டுபிடிச்சவ. மூண்டு தரம் எனக்குச் சொன்னவ. நான்தான் கேக்கேல்லை."

இராஜேஸ்வரி கேக் வெட்ட நேரமாகுது, கத்தி எங்கே என்று பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு மண்டபத்தின் மறுபக்கம் போய்விட்டார். பிரவீனன் "அன்ரி, சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டுத் தாயின் பின்னால் போனான்.

காரில் ஏறியதும் ஸ்ரீஸ்கந்தராசா பெல்ற்றைப் போட்டுக்கொண்டு பெருமூச்சு விட்டார். "பிள்ளையின்ர பேத்டேயிலை உதைச் சொல்லத்தான் வேணுமே, இஞ்சேரும்? அந்த மனுசியின்ர முகத்தைப் பாத்தனீரே?"

"பாத்தனான்" என்றாள். அந்த முகம் அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னதை எண்ணி அவள் கவலைப்படவில்லை. மார்க்கம் ரோட்டில் சிவப்பு விளக்கு விழுந்தது. ஸ்ரீஸ்கந்தராசா ரேடியோவைப் போட்டார். அடுத்த கோயில் நாளில் அந்த மனுசியை எப்படி எதிர்கொள்வது என்று அவர் கேட்டார். எப்போதும் போலத்தான், நானே முதலில் போய்க் கதைப்பேன் என்று அவள் சொன்னாள்.